வான் ஹார்லிங்கனில் யாரோ தட்டுகிறார்கள்

டென் ஹெல்டர்
அக்டோபர் 14

அன்புள்ள நீன்கே,

(அன்பு கடிதத்துக்காகப் போட்டது. நேரில் எதிர்பார்க்காதே.)

உன் போர்க்கப்பல் வான் ஹார்லிங்கன் கிளம்பி ஒரு வாரம் ஆகிறது. அணைக்கரையில் நின்று நானும் அம்மாவும் கையாட்டினோம். மேல்தளத்தில் வரிசையாக நின்ற அத்தனை பேரும் ஆட்டினார்கள். ஒருத்தி மட்டும் என்னைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டு முறைத்தாள். பக்கத்தில் டெக்ஸல் தீவுப் படகுக்குக் காத்திருந்த ஒரு பெரியவருக்கே அது தெரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு ஒன்னையத்தான் பாக்குது தம்பி. என்ன பண்ணித் தொலைச்ச?"

"போன வருஷம் அவ பையில ஒரு கடிகாரம் வெச்சேங்க."

"அவ்வளவுதானா?"

"அது காலைல அஞ்சு மணிக்கு அடிக்கிற கடிகாரம். பையில எங்க ஒளிச்சேன்னு ஒரு வாரம் அவளுக்குத் தெரியல."

பெரியவர் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பெண்கள் தூங்கும் அறையில் எட்டுப் பேரையும் ஒரு வாரம் எழுப்பிய அந்தக் கடிகாரத்துக்காக நீ இன்னும் கோபமாக இருக்கிறாய் என்றால், ஒன்று சொல்கிறேன்: கடிகாரத்துக்கே ஒரு வருஷத்தில் பாட்டரி தீர்ந்துவிடும்.

நீர்மூழ்கி வேட்டைக்குப் போகும் கப்பலிலிருந்து வெளியே ஒரு முனகல்கூடப் போகக் கூடாது என்று உங்கள் தொலைபேசிகளை எல்லாம் பூட்டி வைத்துவிட்டார்களாம். அதனால்தான் காகிதம். பதினாறு வயதில் காகிதக் கடிதம் எழுதுகிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் போல. தபால் நிலையத்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

வகுப்பில் உன் கப்பலைப் பற்றிப் பேசினேன். அடிவானத்துக்கு அப்பால் பறப்பதையும் பார்க்கும் ரேடார், தளத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் ஏவுகணைகள், பின்பக்கம் ஒரு ஹெலிகாப்டர், கிலோமீட்டர் கணக்கில் வாலாக இழுத்துப் போகும் கேட்புக் கருவி என்று அடுக்கினேன். பின்வரிசையில் ஒருத்தன் கேட்டான்: "இவ்ளோ இருக்குற கப்பல்ல உங்கக்கா என்னடா பண்றா?" "ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருக்கா" என்றேன். வகுப்பே சிரித்தது. தண்ணீருக்கடியில் இருப்பதை எந்த ரேடாரும் பார்க்காது, காதுதான் பார்க்கும் என்று நான் விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

நீ கடலுக்கடியில் கேட்கிறாய், நான் வீட்டில் ஏச்சு கேட்கிறேன். நம் குடும்பத்துக்கே கேட்கிற உத்தியோகம்தான்.

இந்தப் பயணம் முடிந்ததும், கடலடிச் சத்தம் கேட்கும் சோனார் அறையின் முதல் நாற்காலி உனக்குத்தான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கிடைக்காவிட்டால் நாம் வேறு தெருவுக்குக் குடிபோக வேண்டியிருக்கும்.

யெல்லே

*

கடலில்
அக்டோபர் 24

யெல்லே,

இதை அக்கா எழுதும் கடிதமாகப் படிக்காதே. விசாரணையாகப் படி. லெப்டினென்ட் ஹோக்ஸ்ட்ராவிடம் அனுமதி வாங்கி எழுதுகிறேன். அவர் படித்த பிறகுதான் உறை ஒட்டப்படும். உன் பதிலையும் அவர் படிப்பார். ஒழுங்காக எழுது.

கப்பலுக்குள் ஏதோ தட்டுகிறது.

வேட்டையின்போது நாங்கள் எப்படி இருப்போம் என்று உனக்குத் தெரியும். பெரிய எஞ்சின்களை நிறுத்திவிடுவோம். மின்மோட்டாரில் ஊர்வோம். அதுவும் ரப்பர் மெத்தைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதன் நடுக்கம் கப்பலின் உடம்புக்குப் போகக் கூடாது. காபி இயந்திரம் கிடையாது. துணி துவைக்கும் இயந்திரம் கிடையாது. சமையலறையில் அரைக்கிற, வெட்டுகிற, கலக்குகிற எந்த மோட்டாரும் ஓடாது. கதவைக் கையால் பிடித்துச் சாத்துவோம். கீழே விழுகிற ஒரு ஸ்பானர் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அமைதியில், போன வாரம், என் காதில்: டக். டக் டக். டக். பிறகு ஒரு உரசல். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டக்.

இயந்திரம் என்றால் சீராக அடிக்கும். இது சீராக இல்லை. யாரோ கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறார்களா என்று காத்திருந்து, மறுபடி தட்டுவதுபோல் இருந்தது. நான் நீர்மூழ்கி என்று நினைத்துக் குரல் கொடுத்துவிட்டேன். ஹெலிகாப்டர் எழும்பியது. தன் கருவியை வெவ்வேறு இடத்தில் கடலில் இறக்கி இறக்கிக் கேட்டது. ஒன்றும் இல்லை.

"நீன்கே, மீன் கூட்டத்துக்கெல்லாம் ஹெலிகாப்டர் அனுப்ப முடியாதும்மா" என்றார் ஹோக்ஸ்ட்ரா. அறையில் எல்லாரும் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

நேற்று மறுபடியும் கேட்டது. இந்த முறை நான் நீர்மூழ்கி என்று சொல்லவில்லை. "நம்ம கப்பல்லதான்" என்றேன். தேடுவதற்கு ஆட்கள் போனார்கள். அவர்கள் முன்னாலிருந்து பின்னால்வரை வந்து சேர்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரன் சான்டர் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்கிறான். அவன் முறை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் அதை அவன் சொல்வதில்லை. "எனக்குக் கேக்கலப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

நேற்று சோற்று நாள். வரிசையில் நின்றபோது தலைமைச் சமையல்காரர் ஃபெர்டி மாமா எனக்கு மட்டும் ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல் கூடுதலாக வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேள்வி. ஜூன் மாதம், குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் சுற்றினோமே, அன்று நீ வெகுநேரம் காணாமல் போனாய். எங்கே போனாய்? காற்றுக் குழாயிலோ, கேபிள் தட்டிலோ, கூரை இடுக்கிலோ என்ன வைத்தாய்? கோலிக்குண்டா? சாவி கொடுத்தால் குதிக்கும் உன் அந்தத் தகரத் தவளையா?

ஹோக்ஸ்ட்ராவிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

நீன்கே

*

டென் ஹெல்டர்
அக்டோபர் 31

மாண்புமிகு லெப்டினென்ட் ஹோக்ஸ்ட்ரா அவர்களுக்கும், அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் என் அக்காவுக்கும்,

நான் வைக்கவில்லை.

இன்னொரு முறை, மெதுவாக: நான் எதையும் எங்கேயும் வைக்கவில்லை. தகரத் தவளை என் மேசைமேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோலிக்குண்டுகளை எண்ணிப் பார்த்தேன், அத்தனையும் இருக்கின்றன. அம்மாவைச் சாட்சியாகக் கூப்பிட்டேன்.

"அம்மா, நான் கப்பல்ல எதையும் ஒளிக்கலன்னு ரெண்டு வரி எழுதிக் குடு."

"நீ ஒளிக்கலன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"ஒம்புள்ளைய நம்ப மாட்டியா?"

"எம்புள்ளையத் தெரிஞ்சதாலதான் கேக்குறேன்."

ஆக, பெற்றவளும் கைவிட்டாள்.

குடும்ப நாளில் நான் எங்கே போனேன் என்பதில் எந்த மர்மமும் இல்லை. சமையலறையில் இருந்தேன். ஃபெர்டி மாமா இறால் அப்பளம் பொரித்துப் போடப் போட நான் தின்றுகொண்டிருந்தேன். மேலே தளபதி யாரோ கப்பலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் கீழே கப்பலின் அருமை தெரிந்துகொண்டிருந்தது. சாட்சி: என் வயிறு. அன்று ராத்திரி அது சத்தம் போட்டது உண்மை. ஆனால் அதை நான் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு முறை கடிகாரம் வைத்தவன் ஆயுள் முழுக்கக் குற்றவாளியா? உங்கள் கப்பலில் எதை வேண்டுமானாலும் பழுது பார்க்கிறார்கள், என் பெயரை மட்டும் பழுது பார்ப்பதில்லை.

சரி, நீ விசாரித்தாய். இப்போது நான். சத்தம் வரும் நேரத்தில் சான்டர் எங்கே? அவன் முறை முடிந்த பிறகுதான் சத்தம் வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நீயும் அவனும் ஒரே நாற்காலிக்குத்தானே நிற்கிறீர்கள்? நீ பேய்ச் சத்தம் கேட்கிற பெண் என்று பெயர் எடுத்தால் யாருக்கு லாபம்? ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு குழாயில் டக் டக் என்று தட்ட எவ்வளவு நேரமாகும்? நான் கப்பலில் இருந்தால் அப்படித்தான் செய்வேன். (ஹோக்ஸ்ட்ரா அவர்களே, இது உதாரணம்.)

ஒன்று மட்டும் நிஜமாக வலிக்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபோதே என் பெயர் எங்கிருந்து வந்தது?

யெல்லே
(தவளையும்)

*

கடலில்
நவம்பர் 7

யெல்லே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சான்டரைச் சந்தேகித்தேன். அவன் முறை முடிந்து போனபோது வேறு ஒரு பெண்ணை அனுப்பி அவன் எங்கே போகிறான் என்று பார்க்கச் சொன்னேன். படுக்கைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கினானாம். அவ்வளவுதான். ஆனால் விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது.

"ஒனக்கு ஆளு வெச்சுப் பாக்குற அளவுக்கு ஆயிடுச்சா?" என்றான்.

"இல்ல சான்டர், எங்க தம்பிதான்..."

"பதினாறு வயசுப் பய சொன்னான்னு என்னையச் சந்தேகப்பட்ட. நல்லாருக்கு நீன்கே."

அதற்குப் பிறகு பேசுவதில்லை. தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்கிறோம்.

சத்தம் அக்டோபர் கடைசி வாரம் வரவில்லை. மாதக் கடைசியில் பெர்கன் துறைமுகத்தில் நின்றோம், ஊருக்குள் போய்ச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினேன். போய்விட்டது என்று நம்பினேன்.

நேற்று பயிற்சிப் போர். நேச நாட்டு நீர்மூழ்கி ஒன்று எங்களைத் தேடியது, நாங்கள் அதைத் தேடினோம். காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். முற்பகலில் தொடங்கியது. டக். டக் டக். உரசல். டக். நான் கையைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் மூழ்கிவிட்டோம். காகிதத்தில்தான், ஆனாலும் மூழ்கியது மூழ்கியதுதான். நூற்றைம்பது பேர்.

நீர்மூழ்கிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாங்கள் வென்ற கப்பலைப் பெரிஸ்கோப் வழியாகப் படம் பிடித்து அனுப்பிவைப்பார்கள். எங்கள் படம் வந்தது. கப்பல் அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் எழுதியிருந்தார்கள்: "தட்டினீர்கள். திறந்தோம்."

ஆக என் காது பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. இதை நல்ல செய்தி என்று நினைத்தாயா? ஹோக்ஸ்ட்ரா படத்தைச் சாப்பாட்டு அறையில் ஒட்டச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சத்தம் இருக்குன்னு ஒத்துக்குறேன். ஆனா மூணு வாரமா கேட்டுட்டிருக்க. எங்கேருந்துன்னு சொல்லத் தெரியலயே. முதல் நாற்காலிக்காரி சொல்லணும் இல்லையா?"

அடுத்த பயிற்சி நவம்பர் 20. அதற்குள் சத்தத்தின் இடத்தைச் சொல்லாவிட்டால் ஹெட்போன் சான்டருக்கு. நான் கரைக்கு வந்து அலுவலக மேசை. கடைசியாகக் கேட்கிறேன். எதையாவது வைத்திருந்தால் சொல். திட்ட மாட்டேன். திட்டுவேன், ஆனால் டிசம்பரில்.

நேற்று சாப்பிடப் போகவில்லை. ஃபெர்டி மாமாவே தட்டைக் கொண்டுவந்தார். சோறு, குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி, ஒரு குன்று சம்பல். "சாப்டு கண்ணு. தோத்த நாளுக்குக் காரம் நல்லது" என்றார். இந்தக் கப்பலில் என்னைச் சந்தேகமாகப் பார்க்காத ஒரே ஆள்.

நீன்கே

*

டென் ஹெல்டர்
நவம்பர் 12

நீன்கே,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை குறைவாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் இரண்டு கடிதங்களையும் படுக்கையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன்மேல் தப்புக் கண்டுபிடிக்கத்தான். அப்போது ஒன்று தட்டுப்பட்டது. நீ ஒவ்வொரு முறையும் சத்தத்தைப் பற்றி எழுதிவிட்டு அடுத்த பத்தியில் சம்பலைப் பற்றி எழுதுகிறாய். நாட்காட்டியைப் பார்த்தேன். போன மாதம் 23, புதன். இந்த மாதம் 6, புதன். முதல் சத்தமும் புதனாகத்தான் இருக்கும், நீயே யோசித்துப் பார். நடுவில் ஒரு புதன் நீங்கள் பெர்கனில் இருந்தீர்கள், வெளியே சாப்பிட்டீர்கள், சத்தம் இல்லை.

இயந்திரத்துக்குப் புதன்கிழமை தெரியாது. நீர்மூழ்கிக்கும் தெரியாது. கடற்படையில் புதன்கிழமை தெரிந்தது வயிற்றுக்கு மட்டும்தான்: எந்தக் கப்பலாக இருந்தாலும் புதன் மதியம் இந்தோனேசியச் சோறு. ஆக, தட்டுவது சமையலறை. எந்த மோட்டாரும் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்ட சமையலறையில் மோட்டார் இல்லாமல் தட்டுவது எது?

இங்கேதான் என் முதுகுப் பை நினைவுக்கு வந்தது.

ஏப்ரலில், ராஜா பிறந்தநாளன்று தெருவெல்லாம் எல்லாரும் பழைய சாமான் விரித்து விற்பார்களே, அன்று எதிர்வீட்டு விரிப்பில் ஒரு கல் கிடந்தது. எரிமலைக் கல், கிண்ணம்போல் குழிந்தது, கூடவே ஒரு குழவி. போன வருஷம் கப்பலில் ஃபெர்டி மாமா என்னிடம் சொல்லியிருந்தார்: "மிக்ஸில அரைச்ச சம்பலு சம்பலே இல்லடா. எங்கயாச்சும் நல்ல கல்லு கண்ணுல பட்டா சொல்லு." பட்டது. வாங்கினேன். ஜூனில் முதுகுப் பையில் போட்டு, நாக்குத் தள்ள, படியேறி, அவர் கையில் கொடுத்தேன். அதற்குக் கூலிதான் அந்த இறால் அப்பளம்.

நான் பொய் சொல்லவில்லை நீன்கே. நீ "என்ன ஒளித்தாய்" என்று கேட்டாய். நான் ஒளிக்கவில்லையே, எல்லார் முன்னாலும் தூக்கிக்கொண்டு போனேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கப்பலுக்கு நல்லது செய்தேன், அதனால் அது என் கணக்கிலேயே வரவில்லை. சந்தையில் வாங்கியது ஒரு கல். கூடவே சந்தேகம் இலவசமாக வந்திருக்கிறது.

இதை உடனே எழுதவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னால் ஃபெர்டி மாமா மாட்டுவார். உன்னைச் சந்தேகிக்காத ஒரே ஆள் என்று நீ எழுதிய ஆள். சொல்லாவிட்டால் நீ மாட்டுவாய். நீ மேசைக்கு வந்தால் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாய் என்பதும் நினைவுக்கு வந்தது. அதுதான் முடிவெடுக்க உதவியது.

20ஆம் தேதிக்குள் கடிதம் வந்து சேருமா என்று பயந்து, மிதிவண்டியில் எதிர்க்காற்றில் கடற்படைத் தபால் அறைக்கே போனேன். அங்கே இருந்த அம்மாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவசரம்னு சிவப்புல எழுதியிருக்கியே, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"ஒரு கப்பலுக்குங்க."

"கப்பலுக்கு என்னப்பா?"

"தட்டுது. காரணம் இதுக்குள்ள இருக்கு."

"நீ நீன்கேவோட தம்பிதானே? கடிகாரப் பையன்?"

"ஆமாங்க."

கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தார். பிறகு, உங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பலுக்கான பையை மாலையில்தான் கட்டுவார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்; அதற்குள் உறையைப் பிரித்து இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்லைக் கடலில் எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் தப்பு இல்லை, அது இருக்கிற இடம்தான் தப்பு. குறும்பு செய்கிற எல்லாருக்கும் தெரிந்த முதல் பாடம்: சத்தம் ஒரு பக்கம் இருக்க வேண்டும், ஆள் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே கப்பலில் வைத்திருக்கிறீர்கள்.

யெல்லே

*

கடலில்
நவம்பர் 21

யெல்லே,

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. ஹோக்ஸ்ட்ரா படித்துவிட்டு, நம்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய் என்று என்னிடம் கொடுத்தார். மூன்று முறை படித்தேன். உன் எல்லாக் கடிதங்களையும்போல இதிலும் எங்கோ ஒரு பொறி இருக்கும் என்று தேடினேன். நான் சமையலறைக்குள் போய் எல்லார் முன்னாலும் "கல் எங்கே?" என்று கேட்க வேண்டும், அங்கே கல் இருக்காது, நீ டென் ஹெல்டரில் விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்படித்தான் நினைத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. நினைத்தேன் என்று சொல்கிறேன்.

அதனால் நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஹெட்போனோடு உட்கார்ந்தபடியே சான்டர் பக்கம் திரும்பிப் பேசினேன். இரண்டு வாரத்தில் முதல் வார்த்தை.

"சமையலறைக்குப் போயி ஃபெர்டி மாமாவக் கொஞ்சம் சம்பல் அரைக்கச் சொல்றியா?"

"செவ்வாக்கெழமயா?"

"ஆமா."

"ஒனக்கு நெஜமாவே ஏதோ ஆயிடுச்சு நீன்கே."

ஆனாலும் போனான். கொஞ்ச நேரத்தில் என் காதில்: டக். டக் டக். உரசல். டக். நான் எழுந்து நின்றுவிட்டேன். "அதேதான்" என்று கத்தியிருக்கிறேன், அமைதி நேரத்தில். ஹோக்ஸ்ட்ரா என்னை அதட்டாமல் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழற்றவில்லை.

கல்லை மாமா எஃகு மேடைமேல் வைத்திருந்தார். மேடை சுவரோடு முடுக்கப்பட்டது. சுவர் கப்பலின் விலா. எஞ்சின்களுக்கெல்லாம் ரப்பர் மெத்தை போட்ட கப்பலில் சம்பல் கல்லுக்கு மட்டும் யாரும் போடவில்லை. தேடுகிறவர்கள் சமையலறைக்கு வந்து சேரும்போதெல்லாம் அரைத்து முடித்துக் கல்லைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அவர்களுக்கும் பசி. "வாசன தூக்குதே மாமா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஹோக்ஸ்ட்ரா கேட்டார்: "அமைதின்னு ஒலிபெருக்கில சொன்னது ஒங்களுக்குக் கேக்கலையா?"

ஃபெர்டி மாமா நிமிர்ந்து நின்றார். "கேட்டுச்சு சார். மிக்ஸிய நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்துனேன். அதுக்குத்தான் கல்லே எடுத்தேன். கையையும் நிறுத்தணும்னு யாரு சார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அமைதி விதிகளில் கப்பலிலுள்ள எல்லா மோட்டாரின் பெயரும் இருக்கிறது. கை இல்லை.

மாமா கல்லைத் துடைத்து ஒரு துண்டில் சுற்றினார். "எறியறதுன்னா நானே எறியறேன். அந்தப் பய முதுகு ஒடிய சொமந்து குடுத்தது" என்றார். நான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை ஹோக்ஸ்ட்ராவிடம் மறுபடி நீட்டினேன். அவர் அதைக் கேப்டனிடம் கொண்டுபோனார். கேப்டன் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதில்லை. "சின்னப் படகை எறக்குங்க" என்று மட்டும் சொன்னாராம்.

நேற்று காலைப் பயிற்சியில் நடந்ததை எழுதுகிறேன், நம்பினால் நம்பு. எங்களுக்கு வெகு தொலைவில் ஒரு சின்னப் படகு. அதில் ஒரு இரும்புத் தொட்டியைப் பாதி தண்ணீருக்குள் இருக்கும்படி கட்டி, அதற்குள் உன் கல்லை வைத்தார்கள். ஃபெர்டி மாமா உயிர்காப்பு உடையோடு குனிந்து உட்கார்ந்து, ஐம்பது மிளகாயை இடித்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயை மழைக்குப் பிடிக்கத் தானாகவே போனவன் சான்டர். அலை ஒவ்வொன்றுக்கும் மிளகாய்த் தண்ணீர் அவன் கண்ணில் தெறித்ததாம்.

"என்ன மாமா இது, நம்ம ரெண்டு பேரும் இப்ப தூண்டில் புழுவா?"

"புழு இல்லடா. ஆயுதம். ஒழுங்காப் பிடி, உப்பு சேந்துரும்."

நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மிதந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தூரத்தில் டக், டக் டக். இந்த முறை அது எனக்கு உறுத்தவில்லை. அதற்குப் பின்னால் வேறொன்று வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. நீர்மூழ்கியின் விசிறி சுழலும் மிக மெல்லிய சத்தம். போன முறை கதவைத் திறந்தவர்கள் மறுபடி கதவைத் திறக்கப் படகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். திசை சொன்னேன். தூரம் சொன்னேன். ஹெலிகாப்டர் போய் அவர்கள் தலைக்கு மேலேயே கருவியை இறக்கி ஒரே ஒரு முறை ஒலி எழுப்பியது. நீர்மூழ்கிக்குள் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்திருக்கும். பிடிபட்டாய் என்று அர்த்தம்.

எங்களிடம் பெரிஸ்கோப் கிடையாது. அதனால் படத்துக்குப் பதில் ஒரு குப்பி சம்பல் அனுப்பினோம். ஹோக்ஸ்ட்ரா அதன்மேல் எழுதினார்: "தட்டியது நாங்கள் அல்ல."

முதல் நாற்காலி எனக்கு. கல்லுக்கு எஞ்சின் அறையிலிருந்து ஒரு ரப்பர் மெத்தை. உன் பெயரை ஹோக்ஸ்ட்ரா சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

நீன்கே

*

டென் ஹெல்டர்
டிசம்பர் 8

முதல் நாற்காலிக்கு,

வாழ்த்து. தெருவைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

இப்போது என் புகார். டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை, ஊரில் எல்லாரும் எல்லாரையும் கிண்டல் செய்து பெயர் போடாமல் பாட்டு எழுதி வைப்பார்களே, எனக்கும் ஒன்று காலணிக்குள் கிடந்தது:

ஊரைக் கலக்கும் யெல்லே தம்பி,
உன் காதை நீயே கொஞ்சம் நம்பி
கட்டில், சுவரு, கூரை தேடு.
கிடைக்காவிட்டால் எழுந்து ஆடு.

இவ்வளவு மோசமான பாட்டு நம் வீட்டில் ஒருத்திக்குத்தான் வரும் என்று சிரித்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு என் அறையில் ஒரு கடிகாரம் அடித்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் வாங்கியது. எழுந்து விளக்கைப் போடுவதற்குள் நின்றுவிடுகிறது. மறுநாளும் அடித்தது. இன்றும்.

கட்டிலைத் திருப்பிப் போட்டாயிற்று. புத்தக அலமாரியைக் காலி செய்தாயிற்று. ஜன்னல் திரையைக் கழற்றினேன். தவளையைக்கூடத் திறந்து பார்த்தேன், பாவம். அம்மாவிடம் கேட்டால், "எனக்கு எப்படிடா தெரியும்?" என்கிறாள். பெர்கனிலிருந்து நீ அம்மா பெயருக்கு அனுப்பிய ஒரு பொட்டலம் நவம்பரில் வந்ததே என்றேன். "அது கம்பளிக் காலுறை" என்கிறாள், கண்ணைப் பார்க்காமல். எனக்கு இந்த வீட்டில் யார்மேலும் நம்பிக்கை இல்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் சந்தேகப்படும்படி ரொட்டி தின்கிறார்.

எங்கே வைத்திருக்கிறாய்?

தூக்கமில்லாத,
யெல்லே

*

கடலில்
டிசம்பர் 13

யெல்லே,

எங்கே என்று நான் சொன்னால் நீ என்ன கற்றுக்கொள்வாய்? தேடுவதை நிறுத்து. தேடுகிறவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள். விளக்கைப் போடாதே. எழுந்திருக்காதே. படுத்தபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேள். முதலில் திசை. பிறகு தூரம்.

நாங்கள் 19ஆம் தேதி வருகிறோம். அணைக்கரையில் நில். இந்த முறை கையாட்டுகிறேன். நீ கொட்டாவி விட்டால் கடிகாரம் இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

ஃபெர்டி மாமா உன்னைக் கேட்டார். அடுத்த குடும்ப நாளில் வாசலிலேயே உன் பையைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவர் சொல்கிறார்: "சோதிக்கட்டும். பய வரும்போது இன்னும் பெரிய கல்லு ஒண்ணு தூக்கிட்டு வரச் சொல்லு."

நீன்கே